வண்ணாரப்பேட்டை மாடி ரூம் சைனீஸ் கிளாஸ்: குவாங்சோல 14 மாசம் பேசிப் பாத்துட்டு எழுதுற ரிவ்யூ

இந்த கிளாஸ் முடிஞ்ச அன்னிக்கே சார் ஒரு ரிவ்யூ போட சொன்னாரு, நான் போடல. பாஷை சொல்லிக்குடுக்குற கிளாஸ் தேறுமா தேறாதான்னு பெஞ்சுல உக்காந்துகிட்டு சொல்ல முடியாதுங்க. அந்த ஊருக்கு போயி, முன்னபின்ன தெரியாத ஒரு ஆள் எதிர்ல நின்னு வாய தொறக்கும்போது தான் தெரியும். நான் 2024 அக்டோபர்ல தெற்கு சைனால இருக்குற குவாங்சோ போனேன், 2025 டிசம்பர்ல தண்டையார்பேட்டைக்கு திரும்பி வந்தேன், அதனால இப்போ எழுதுறேன். கொஞ்சம் பெருசா வரும், பொறுமையா படிங்க, அதுலயும் வேலைக்காக சைனா போயி தங்கப் போறவங்க கட்டாயம் படிங்க.

பழைய வண்ணாரப்பேட்டைல, எம்.சி. ரோட்டுக்கு பக்கத்து சந்துல, எலாஸ்டிக் நாடா விக்கிற கடைக்கு மேல இருக்குற மாடி ரூம் தான் கிளாஸ். போர்டு கிடையாது, கீழ கடையில கேட்டா மேல கை காட்டுவாங்க. சனி ஞாயிறு காலைல 7 மணிலேந்து 9 மணி வரைக்கும், ஏன்னா அதுக்கு மேல கடை தொறந்துட்டா படியில மூட்டை ஏற எறங்க ஆரம்பிச்சிடும், யாரும் நடக்க முடியாது. 3 மாசத்துக்கு 7,000 ரூபா, ரெண்டு தவணையா குடுக்கலாம். எங்க பேட்ச்ல 9 பேரு. பர்மா பஜார்ல செல்போன் சாமான் கடை வெச்சிருக்குற ரெண்டு அண்ணனுங்க, மண்ணடிலேந்து இரும்பு சாமான் எறக்குமதி பண்ற ஒரு பாய், மெடிக்கல் படிக்க போற ரெண்டு பசங்க, இன்னும் சில பேரு. நான் எம்.சி. ரோட்டுல ஜிப்பு, பட்டன், லேஸ் மொத்த வியாபாரம் பண்ற ஒரு கடையில சாம்பிள் பாக்குற வேலை. எங்க ஓனர் என்ன குவாங்சோல ஜோங்தா துணி மார்க்கெட்டுக்கு அனுப்பறதா முடிவு பண்ண அன்னிக்கே இந்த கிளாஸ்ல பணம் கட்டி சேத்து விட்டாரு.

சார் 2003லேந்து 2014 வரைக்கும் குவாங்சோல இருந்தவரு, பர்மா பஜார் வியாபாரிங்களுக்கு சரக்கு பாத்து ஏத்தி விடுற வேலை. டிகிரி, சர்டிபிகேட் எதுவும் கிடையாது. சைனீஸ் எழுத்து அவருக்கே கொஞ்சம் தான் வரும், அத மொத நாளே வெளிப்படையா சொல்லிட்டாரு. எச்எஸ்கே, அதாவது சைனீஸ் பாஷைக்கான பரீட்சை எழுதணும்னா இங்க வராதீங்கன்னும் சொல்லிட்டாரு. இந்த நேர்மைக்காகவே எனக்கு அவர ரொம்ப பிடிச்சிருந்தது.

மொத கிளாஸ்ல ஒரு கேள்வி கேட்டாரு. "அங்க ஒரு கடைக்கு போற, மொதல்ல இன்னா சொல்லுவ?" நாங்க எல்லாரும் கோரஸா "நி ஹாவ்"னு சொன்னோம், அது எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே சைனீஸ். அதுக்கு சார், "காசிமேட்டுக்கு மீன் வாங்க போறப்ப மீன்காரம்மாகிட்ட வணக்கம்னு சொல்லி கைய கூப்புவியாம்மா? அக்கா வஞ்சிரம் எவ்ளோக்கான்னு தானே கேப்ப. அங்கயும் அதே தான்"னாரு. அப்பால ரெண்டு மணி நேரமும் யார எப்படி கூப்புடணும்னு மட்டும் தான் பாடம். கடைக்காரர்னா லாவ்பான், அது முதலாளின்னு அர்த்தம். கடைக்கார அம்மாவா இருந்தா லாவ்பான்னியாங். டிரைவர், தச்சர், மெஷின் ரிப்பேர் பண்றவரு, கை வேலை தெரிஞ்ச எல்லாரும் ஷிஃபு, நம்ம ஊர்ல மேஸ்திரிய மரியாதையா கூப்புடுறா மாதிரி. வயசுல பெரிய அம்மாவா இருந்தா ஆயீ. எங்க வீட்ல பாட்டிய ஆயான்னு தான் கூப்புடுவோம், வட சென்னைல பாதி வீட்ல அப்படித்தான், அதனால இந்த ஒரு வார்த்தை எனக்கு மனப்பாடம் பண்ணாமலே வந்துடுச்சு. ஆனா சார் உடனே எச்சரிக்கையும் பண்ணாரு, நாப்பது வயசு அம்மாவ ஆயீன்னு கூப்ட்டா மூஞ்சி சுருங்கிடும், அவங்கள ஜியேன்னு, அதாவது அக்கான்னு கூப்புடணும்னு.

இத ஏன் இவ்ளோ நீட்டி எழுதுறேன்னா, என்கூட குவாங்சோல தங்கியிருந்த வேற ஊர் பொண்ணுங்க ரெண்டு பேரு ஆப்ல ஒரு வருஷம் சைனீஸ் படிச்சிட்டு வந்தவங்க, என்னவிட நாலு மடங்கு வார்த்தை தெரியும், இலக்கணம் சுத்தமா இருக்கும், ஆனா கீழ காய்கறி விக்கிற அம்மாவ எப்படி கூப்புடறதுன்னு தெரியாம கைய ஆட்டி ஹலோன்னு கூப்ட்டுகிட்டு இருந்தாங்க, அந்த அம்மாவும் காச வாங்கிட்டு பேசாம இருப்பாங்க. நான் ஜியேன்னு கூப்ட்டதுக்கு ரெண்டு கொத்து வெங்காயத்தாள் சேத்து போட்டு, எந்த ஊரு, என்ன வயசு, கல்யாணம் ஆச்சா, எவ்ளோ சம்பளம்னு வரிசையா கேட்டாங்க. நம்ம தெருவுல புதுசா ஒரு குடும்பம் குடி வந்தா நம்ம ஆளுங்க கேக்குற அதே நாலு கேள்வி.

சத்தம் ஏத்தி எறக்கி பேசுறது, அதாவது டோன், அத சார் ஒரே ஒரு உதாரணத்த வெச்சு ஓட்டினாரு. வாங்குறதும் மாய், விக்கிறதும் மாய். குரல கீழ எறக்கி மேல தூக்கினா வாங்குறது, பட்டுனு கீழ போட்டா விக்கிறது. வியாபாரத்துக்கு போறவனுக்கு இத விட நல்ல உதாரணம் கிடையாது, குதிரை, அம்மா, திட்டுறது மூணும் மா தான்னு எல்லா எடத்துலயும் சொல்லிக்குடுக்குற மா மா பாட்டு எங்களுக்கு எதுக்கு. நாலுக்கும் பத்துக்கும் அதே மாதிரி அரை நாள் எடுத்துகிட்டாரு. நாலு ஸி, பத்து ஷி. தெற்கு சைனாக்காரங்க ஷாவ ஸான்னே சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணா தான் காதுல விழும், அதனால வெலை கேக்குறப்ப கை வெரலையும் பாக்கணும்னு சொல்லி, ஒரு கையிலயே பத்து வரைக்கும் காட்டுற வெரல் கணக்க கத்துக்குடுத்தாரு. கட்டை வெரலும் சுண்டு வெரலும் நீட்டினா ஆறு, கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் நீட்டினா எட்டு. ஒரு தடவ லேஸ் ஒரு கெஜம் 4 யுவானா 10 யுவானான்னு எனக்கு கொழம்பினப்ப அந்த வெரல் தான் எங்க ஓனர் பணத்த காப்பாத்திச்சு.

அடுத்து ஹோம்வொர்க். சைனீஸ்ல எழுதிட்டு வா, படிச்சிட்டு வான்னு இருக்காது. வாரத்துல மூணு நாள், தெரியாத ஒரு ஆள்கிட்ட, நம்ம ஊர்லயே, தமிழ்லயே, ஒரு சின்ன ஒதவி கேட்டுட்டு வரணும். எந்த பழம் இனிக்கும்னு பொறுக்கி குடுங்கன்னு கேளு, இந்த பையோட ஜிப்ப எப்படி சரி பண்றதுன்னு கேளு, இப்படி. பசங்க மொனகினாங்க, பணம் கட்டி வந்தது இதுக்கா சார்னு ஒருத்தன் நேராவே கேட்டான். சார் பதில் சொல்லல, ஹோம்வொர்க்க மாத்தவும் இல்ல. குவாங்சோல மூணாவது வாரம் எனக்கு அதோட அருமை புரிஞ்சது. வெளியூர்ல ஒடம்பு தானா ஒதுங்கிக்கும், ரூமுக்கு போயி கதவ சாத்திக்கலாம்னு தோணிகிட்டே இருக்கும், அப்போ பழக்கம் மட்டும் தான் கைய புடிச்சு வெளிய இழுக்கும்.

நான் தங்கினது ஹாய்ஜு பகுதில, மெட்ரோ 8ஆவது லைன்ல ஜோங்தா ஸ்டேஷன்லேந்து நடந்து போற தூரத்துல, காங்லேன்னு ஒரு ஊர்ப்பகுதி. சிட்டி வளந்தப்ப நடுவுல மாட்டிகிட்ட பழைய கிராமம், செங்சோங்சுன்னு சொல்லுவாங்க. பில்டிங்குங்க அவ்ளோ நெருக்கம், எதிர்வீட்டு ஜன்னல்லேந்து கை நீட்டினா நம்ம கைய புடிச்சிடலாம், அதனாலயே கை குலுக்குற பில்டிங்னு அதுக்கு பேரு. நம்ம பக்கத்து ஒண்டுக்குடித்தனத்துல வளந்தவளுக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல. கீழ பூரா தையல் யூனிட்டு, விடிய விடிய மெஷின் சத்தம், ஹூபெய் மாகாணத்துலேந்து வந்த தையல்காரங்க ஏராளம். காலைல தெரு ஓரமா யூனிட் முதலாளிங்க கையில ஒரு சாம்பிள் சட்டையோ பாவாடையோ தூக்கி புடிச்சிகிட்டு வரிசையா நிப்பாங்க, தையல்காரங்க நடந்துகிட்டே வந்து அந்த துணியோட தையல தொட்டு பாத்து, ஒரு பீஸுக்கு எவ்ளோன்னு கேட்டு, பிடிச்சா போவாங்க இல்லன்னா அடுத்த ஆள்கிட்ட போயிடுவாங்க. நம்ம ஊர்ல வேலைக்காரங்க நிப்பாங்க, மேஸ்திரி வந்து பொறுக்குவாரு. அங்க முதலாளி நிக்கிறாரு. மொத நாள் இத பாத்து நான் அரை மணி நேரம் அங்கயே நின்னுட்டேன்.

போன ஒடனே செய்ய வேண்டிய ஒரு விஷயத்த கிளாஸ்ல சரியா சொல்லிருந்தாங்க, அதுக்கு தனியா மார்க் குடுக்கணும். ஹோட்டல்ல இல்லாம வீடு எடுத்து தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள அந்த ஏரியா போலீஸ் ஸ்டேஷன்ல பதிவு பண்ணணும், பாய்ச்சூசுவோன்னு அந்த ஸ்டேஷனுக்கு பேரு. பாஸ்போர்ட், வாடகை அக்ரிமெண்ட் ஜெராக்ஸோட வீட்டுக்காரம்மாவயும் கூட்டிட்டு போன்னு சார் சொன்னத அப்படியே செஞ்சேன். போற வழியில தான் அந்த அம்மாவோட மொத தடவ ஒழுங்கா பேசினேன். என்ன வருஷம் பொறந்தன்னு கேட்டாங்க, 1996ன்னேன், எலி வருஷமான்னாங்க. நாம ராசி நட்சத்திரம் கேக்குறா மாதிரி அங்க என்ன மிருகம்னு கேப்பாங்க, வயசும் தெரிஞ்சிடும் குணத்தையும் கணக்கு போட்டுடுவாங்க. இதையும் சார் சொல்லிருந்தாரு, எங்க ஒன்பது பேருக்கும் அவங்கவங்க மிருகத்தோட பேர சைனீஸ்ல எழுதி குடுத்திருந்தாரு.

இப்போ குறை. இந்த கிளாஸ்ல போன் பத்தி ஒண்ணுமே இல்ல. சார் 2014ல திரும்பி வந்துட்டாரு, அவரு இருந்தப்ப சட்டைப்பையில நோட்டு வெச்சிருந்தா போதும். இப்போ பிளாட்பாரத்துல சக்கரவள்ளி கெழங்கு சுட்டு விக்கிற தாத்தா கூட கியூஆர் கோட தொங்க விட்டிருக்காரு. வெய்ஷின், அதாவது மெசேஜுக்கும் பணம் குடுக்கவும் அங்க எல்லாரும் வெச்சிருக்குற வீசாட் ஆப், இல்லாம அங்க ஒரு மனுஷன்கூட தொடர்பு வெச்சுக்க முடியாது. கடைக்காரங்க, வீட்டுக்காரம்மா, தண்ணி கேன் போடுறவரு எல்லாரும் அதுல தான். நம்ம வாட்ஸ்ஆப், கூகுள் ரெண்டுமே அங்க தடை, வீசாட் இங்க 2020 ஜூன்லேந்து தடை, அதனால இங்கயே ஏத்தி பழகிட்டு போகவும் முடியாது. போய் எறங்கின அன்னிக்கு பாஸ்போர்ட் காட்டி அந்த ஊரு சிம் வாங்கி, வீசாட் போட்டு, நம்ம விசா கார்டையோ மாஸ்டர் கார்டையோ அதுல சேத்துடுங்க, பணம் குடுக்குற இன்னொரு ஆப் அலிபேலயும் சேக்கலாம். எனக்கு இத சொல்ல ஆள் இல்லாம மொத ரெண்டு நாள் ஒரு பெரிய நோட்ட கையில வெச்சிகிட்டு சில்லறைக்கு அலைஞ்சேன். ரெண்டு பேரு பழகிகிட்டா "நான் ஸ்கேன் பண்ணவா, நீ பண்றியா"ன்னு கேட்டுக்குற ஒரு வாக்கியம் இருக்கு, அது தான் இன்னிக்கு அங்க கை குலுக்கல். மூணு மாசத்துல அந்த ஒரு வாக்கியம் கூட எங்களுக்கு வரல. இத வந்தவுடனே சார்கிட்ட நேராவே சொல்லிட்டேன்.

போன் விஷயத்துல பத்து வருஷம் பின்னாடி இருந்தாலும் ஆளுங்க விஷயத்துல சார் சொன்னது ஒண்ணும் பழசாகல. ஜோங்தா மார்க்கெட்ல லேஸ் விக்கிற ஒரு லாவ்பான்னியாங் கடைக்கு வாரத்துல நாலு நாளு போவேன். அந்த பக்கம் நெறைய கடையில ஒரு டீ தட்டு இருக்கும், மூடி போட்ட சின்ன கிண்ணத்துல எலைய போட்டு, ஒரு வாய்க்கு தான் வரும், அவ்ளோ சின்ன கப்புல ஊத்தி ஊத்தி குடுத்துகிட்டே இருப்பாங்க, வியாபாரம் அப்பால தான். கிளாஸ்ல சார் கீழ கடையிலேந்து டீ வரவழைச்சு, ஒருத்தர் ஊத்த, இன்னொருத்தர் ஆள்காட்டி வெரலையும் நடு வெரலையும் மடக்கி மேசைல ரெண்டு தட்டு தட்ட சொல்லி பழக்குவாரு. சியன்லாங் ராஜா மாறுவேஷத்துல போய் தன் ஆளுக்கே டீ ஊத்தினப்ப, கீழ விழுந்து கும்புட முடியாம அந்த ஆளு வெரல மடக்கி மேசைல மண்டி போட்ட கதைன்னு அங்க சொல்லுவாங்களாம். அந்த அக்கா எனக்கு ஊத்தினப்ப என் கை தானா தட்டிச்சு. கெட்டிலோட அப்படியே நின்னாங்க. இத யாரு உனக்கு கத்துக்குடுத்ததுன்னு கேட்டாங்க. என் ஊர்ல ஒரு ஷிஃபுன்னு சொன்னேன். அன்னிக்கு கேட்லாக்குல இல்லாத, உள்ள ரேக்குல வெச்சிருந்த பழைய டிசைன் லேஸ் கட்ட எடுத்து எறக்கி காட்டினாங்க, பாவாடை ஓரத்துக்கு வைக்கிற அகலம், நம்ம ஊரு ஆளுங்க கேக்குறது அதே தான். அதுல ரெண்டு டிசைன் இன்னிக்கு எம்.சி. ரோட்டுல ஓடுது.

அதுக்கப்புறம் நான் போறப்பெல்லாம் அவங்க மொத கேள்வி, சாப்டியா. சைனீஸ்லயும் ஆளு பாத்தா அதத்தான் கேப்பாங்க, ச்சி ஃபான் ல மா. சாப்டேன்னு சொன்னாலும் என்ன சாப்டன்னு கேப்பாங்க, ரொட்டின்னா அது சாப்பாடான்னு கோவிச்சுக்குவாங்க. கெளம்பும்போது "மான் ஸோ"ன்னு சொல்லுவாங்க, மெதுவா போன்னு அர்த்தம். சாயங்காலம் கெளம்புறப்ப எங்க ஆயா பாத்து போன்னு சொல்ற அதே தொனி.

ஒரு நாள் மத்தியானம் அந்த அக்கா பக்கத்து ஹோட்டலுக்கு கூட்டிட்டு போனாங்க. அங்க உக்காந்த ஒடனே கிண்ணம், டம்ளர், குச்சி எல்லாத்தையும் சுடு டீய ஊத்தி சாப்புட வந்தவங்களே அலம்புவாங்க, அலம்பின தண்ணிய ஒரு பெரிய பாத்திரத்துல கொட்டுவாங்க, குவாங்சோல இது எல்லா ஹோட்டல்லயும் உண்டு. நாம எலைய போட்டதும் தண்ணி தெளிச்சு கையால வழிச்சு விடுறோமே, அதே தான். அந்த அக்கா கேக்காமலே நான் அவங்க கிண்ணத்தையும் எடுத்து அலம்பி வெச்சேன், சின்னவங்க பெரியவங்களுக்கு செய்யணும்னு சார் சொல்லிருந்தாரு. அன்னிலேந்து அவங்க எனக்கு லாவ்பான்னியாங் இல்ல, ஜியே தான்.

இனி ரெண்டாவது குறை. இது மொத குறைய விட பெருசு. சார் சொல்லிக்குடுத்தது மாண்டரின், அதாவது சைனா முழுக்க பொதுவா பேசுற சைனீஸ் மட்டும். வெளி மாகாணத்துலேந்து வந்தவங்க, ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கடை, எல்லா எடத்துலயும் மாண்டரின் போதும். ஆனா குவாங்சோவோட சொந்த ஜனம் வீட்ல பேசுறது கான்டனீஸ். எங்க வீட்டுக்காரம்மாவுக்கு மாண்டரின் பேசினா புரியும், ஆனா மனசு விட்டு பேசணும்னா கான்டனீஸ் தான். நம்மகிட்ட ஒருத்தர் இந்திலேயே பேசிகிட்டு இருந்து, திடீர்னு ஒரு நாள் "சாப்ட்டீங்களா"ன்னு கேட்டா எப்படி இருக்கும், அந்த வித்தியாசம். நான் நாலு மாசம் கழிச்சு தான் அங்க இங்க கேட்டு பத்து பதினஞ்சு வார்த்த புடிச்சேன். ஒதவி பண்ணா ம்-கோய், பொருள் குடுத்தா தோ-ஜே, ரெண்டும் நன்றி தான் ஆனா மாத்தி சொல்லக்கூடாது. கடையில எந்த வயசு பொண்ணா இருந்தாலும் லெங் நுய், அழகுப் பொண்ணேன்னு கூப்புடுவாங்க, பையனா இருந்தா லெங் ஜாய், அறுபது வயசு ஆளையும் அப்படி கூப்புடுறத கேட்டிருக்கேன். ஆயீயா ஜியேவான்னு யோசிக்கிற சங்கடமே அதுல இல்ல. இந்த ஒரு வார்த்தைய சார் சொல்லிருந்தா எனக்கு நாலு மாசம் மிச்சமாகிருக்கும். அவரு பதினோரு வருஷம் அங்க இருந்தவரு, அவருக்கு தெரியாம இருக்காது, பாடத்துல சேக்கல அவ்ளோதான்.

வீட்டுக்காரம்மா விஷயத்துல ஒரு நாள எழுதியே ஆகணும். ஒரு ஞாயித்துக்கெழம நான் மீன் கொழம்பு வெச்சேன். புளி, மெளகாத்தூள் எல்லாம் அம்மா கட்டி குடுத்தது. வாசனை கை குலுக்குற ஜன்னல் வழியா நாலு வீட்டுக்கு போயிடுச்சு. எதிர் ஜன்னல்ல ஹூபெய்லேந்து வந்த தையல்காரம்மா, அவங்க ஊர்ல காரம் சாப்புடுவாங்க, எட்டி பாத்து என்னதுன்னு கேட்டாங்க, ஒரு கிண்ணம் ஜன்னல் வழியாவே குடுத்தேன், சோத்துல ஊத்தி வேர்த்து விறுவிறுத்து சாப்ட்டுட்டு கிண்ணத்த கழுவி அதுல ஊறுகா காய் போட்டு திருப்பி குடுத்தாங்க. காலி பாத்திரமா திருப்பி குடுக்கக்கூடாதுன்னு அவங்களுக்கும் இருக்கு போல. வீட்டுக்காரம்மாவுக்கும் கொண்டு போனேன். ஒரு வாய் வெச்சாங்க, கண்ணுல தண்ணி, கிண்ணத்த கீழ வெச்சிட்டு யீத் ஹேய், யீத் ஹேய்னாங்க.

யீத் ஹேய்னா சூடு. நாம மாம்பழம் சூடு, எள்ளு சூடு, மோர் குளிர்ச்சின்னு சொல்றோம் பாருங்க, அச்சு அசல் அதே கணக்கு அவங்களுக்கும் இருக்கு. பொரிச்சது சூடு, காரம் சூடு, லிச்சி பழம் ரொம்ப சூடு, ஒரு லிச்சிக்கு மூணு தீப்பந்தம்னு பழமொழியே வெச்சிருக்காங்க. இங்கிலீஷ் பேசுற ஆளுக்கு இத ஒரு மணி நேரம் வெளக்கணும், எனக்கு அந்த ரெண்டு எழுத்துலயே புரிஞ்சிடுச்சு. சாயங்காலம் கதவ தட்டி ஒரு டம்ளர்ல கருப்பா கஷாயம் கொண்டு வந்தாங்க, லியோங் சா, மூலிகை போட்டு காய்ச்சுறது, தெருவுக்கு தெரு அதுக்கு கடை உண்டு. நீ இவ்ளோ காரம் சாப்புடுற, ஒடம்பு என்னத்துக்கு ஆகும், குடின்னாங்க. வாயில வெச்சதும் நிலவேம்பு கஷாயம் ஞாபகம், டெங்கு வந்த வருஷம் எங்க ஆயா என் மூக்க புடிச்சு ஊத்தினது. நான் ஒரே மூச்சுல குடிச்சு முடிச்சத பாத்து அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம், அவங்க பேரனே குடிக்க மாட்டானாம். எங்க பாட்டியும் இப்படித்தான் குடுப்பாங்கன்னு எனக்கு தெரிஞ்ச அரைகொறை கான்டனீஸும் மாண்டரினும் கலந்து சொன்னேன். உக்காந்து ஒரு மணி நேரம் பேசினாங்க, பாதி எனக்கு புரியல, ஆனா எங்க ஆயா பேச்ச கேக்குறப்ப எங்கெங்க ம்ம் கொட்டணுமோ அங்கெல்லாம் ம்ம் கொட்டினேன், சரியா தான் இருந்திருக்கும்.

அவங்க தான் என்ன ராத்திரி டான்ஸுக்கு கூட்டிட்டு போனது. குவாங்சாங் வூன்னு சொல்லுவாங்க, ராத்திரி சாப்பாடு முடிஞ்சு வயசான அம்மாங்க எல்லாம் மைதானத்துல கூடி ஸ்பீக்கர் வெச்சு வரிசையா ஆடுறது, சைனா முழுக்க எல்லா ஊர்லயும் உண்டு. கடைசி வரிசைல போய் நின்னுக்க வேண்டியது, முன்னாடி ஆடுறவங்கள பாத்து ஆட வேண்டியது, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. ரெண்டு வாரம் விடாம போனா மூணாவது வாரம் அவங்களே பேசுவாங்க. எங்க தெருவுல மாசி திருவிழாவுக்கு கும்மி அடிச்ச காலு, எனக்கு அது ஒண்ணும் கஷ்டமா இல்ல.

2025 ஜனவரி 29 அவங்க புத்தாண்டு. அதுக்கு பத்து நாள் முன்னாடியே காங்லேல மெஷின் சத்தம் நின்னுடும், ஹூபெய் ஆளுங்க எல்லாம் மூட்டை கட்டிகிட்டு ஊருக்கு போயிடுவாங்க, நம்ம பொங்கலுக்கு கோயம்பேடு இருக்குமே, அத ஒரு நாடு முழுக்க நெனச்சுக்கங்க. செவப்பு கவர்ல லாய் சீ குடுப்பாங்க, கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்களுக்கு குடுக்கணும். குவாங்சோ இருக்குற குவாங்தோங் மாகாணத்துப் பக்கம் தொகை சின்னது தான், எனக்கு வந்ததெல்லாம் பத்து யுவான், இருவது யுவான், அது வாழ்த்துக்கு தானே ஒழிய காசுக்கு இல்ல. ரெண்டு கையால வாங்கணும், எதிர்லயே பிரிச்சு பாக்கக்கூடாது. இதெல்லாம் கிளாஸ்ல செவப்பு கவர் வெச்சு நடிச்சு காட்டினது, ஒவ்வொண்ணும் அங்க நடந்துச்சு.

ஒண்ணு மட்டும் ஒளிக்காம சொல்றேன். மொத ரெண்டு மாசம் நான் ஞாயித்துக்கெழமைன்னா மெட்ரோ புடிச்சு சியாவ்பெய் பக்கம் போயிடுவேன், வெளிநாட்டு வியாபாரிங்க நெறைய இருக்குற ஏரியா, நம்ம ஊர் சாப்பாடு கெடைக்கும், தமிழ் பேச ஆள் கெடைக்கும். அது தப்பே இல்ல, அந்த ஆளுங்க தான் எனக்கு ஜொரம் வந்தப்ப கஞ்சி வெச்சு குடுத்தாங்க. ஆனா வாரத்துல இருக்குற ஒரே லீவு நாள அங்கயே செலவு பண்ணா நம்ம தெருவுல இருக்குற ஆளுக்கு நம்ம முகமே தெரியாது. மூணாவது மாசத்துலேந்து ஒரு வாரம் அங்க, ஒரு வாரம் காங்லேன்னு மாத்திகிட்டேன், அப்பால தான் மீன் கொழம்பு கதையெல்லாம்.

யாரு சேரலாம்னா, மூணு மாசத்துக்கு மேல தங்கப் போறவங்க கண்ண மூடிகிட்டு சேரலாம், 7,000 ரூபா ரொம்ப நியாயமான பணம். குவாங்சோல நடக்குற கான்டன் ஃபேர்ங்கிற வியாபார கண்காட்சிக்கு அஞ்சு நாள் போயிட்டு வர்றவங்களுக்கு இது வேண்டாம், போன்ல இருக்குற டிரான்ஸ்லேட் ஆப்பும் வெரல் கணக்கும் போதும். எழுத்து படிக்க கத்துக்கணும்னா வேற எடம் பாருங்க. மெடிக்கல் படிக்க போற பசங்களுக்கு யூனிவர்சிட்டில பாஷை கிளாஸ் இருக்கும், ஆனாலும் யார எப்படி கூப்புடணும்னு அங்க சொல்லிக்குடுப்பாங்களான்னு எனக்கு சந்தேகம் தான். படி ரொம்ப செங்குத்து, முட்டி வலி இருக்குறவங்க யோசிங்க. கரண்ட் போனா ஃபேன் இல்ல, மே மாச பேட்ச்ல சேராதீங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்குறேன், போனும் கான்டனீஸும் சேத்தா அஞ்சு.

போன வாரம் சார போய் பாத்தேன், லேஸ் கடை ஜியே குடுத்து அனுப்பின டீ பொட்டலத்த குடுத்தேன். பிரிச்சு மோந்து பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல. அப்பால, "இன்னும் ஊத்துறாங்களாம்மா அந்த சின்ன கப்புல?"ன்னு கேட்டாரு. ஊத்துறாங்க சார்னேன். ரெண்டு குறையையும் சொன்னேன், நோட்டு எடுத்து எழுதிகிட்டாரு. அடுத்த பேட்ச்ல கடைசி ரெண்டு ஞாயித்துக்கெழமை நானே வந்து வீசாட், அலிபே எப்படி போடுறதுன்னும், ம்-கோய் தோ-ஜேலேந்து லெங் நுய் வரைக்கும் எனக்கு தெரிஞ்ச கான்டனீஸையும் சொல்லிக்குடுக்குறதா பேசிருக்கோம், அதுக்கு தனி ஃபீஸ் கிடையாது. காலைல 7 மணிக்கு முன்னாடி வந்துடுங்க, 9 மணிக்கு கீழ கடை ஷட்டர் தொறந்துடும்.